மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை: தீம் பார்க் பக்கத்துச் சின்ன ஹோட்டல்களுக்கு

சென்னையில் ஈ.சி.ஆரிலோ (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓ.எம்.ஆரிலோ (பழைய மகாபலிபுரம் சாலை) பொழுதுபோக்குப் பூங்காவை நம்பி 15, 20 ரூம் ஹோட்டல் நடத்துகிறவர்கள் ஒரு வேலை செய்து பார்க்கலாம். போன ஆறு மாதப் புகார்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். முக்கால்வாசி மாலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் விழும்.

காரணம் எளிது. ஆபீஸ் வேலையாக வருகிறவர் தனியாக வருவார், தனித்தனி நேரத்தில் குளிப்பார். பூங்காவுக்குப் போன குடும்பங்கள், அது வி.ஜி.பி. ஆனாலும், முட்டுக்காடு எம்.ஜி.எம். ஆனாலும், 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா ஆனாலும், ரைடு நின்றதும் ஒரே நேரத்தில் கிளம்பும். முக்கால் மணி நேரத்துக்குள் 80 பேர் உங்கள் வாசலில். எல்லாரும் நனைந்திருப்பார்கள், எல்லாருக்கும் பசி. ஈரத்துணி சொட்டும் பிளாஸ்டிக் கவர் ஒரு கையில், ஒரு கால் செருப்பைத் தொலைத்த பையன் இன்னொரு கையில் என்று ரிசப்ஷனுக்கு வரும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “சுடுதண்ணி வருமாண்ணா?”

1,800 ரூபாய் கொடுத்தவர் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்: சுடுதண்ணீர், உலர்ந்த டவல், பிள்ளைக்குச் சாப்பாடு, சத்தமில்லாத தூக்கம். ரூம் சின்னது என்று தெரிந்துதான் வருகிறார். இந்த நாலில் ஒன்று தவறினால்தான் ரூம் சின்னது, கர்ட்டன் பழசு, டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்று மற்றதெல்லாம் கண்ணில் படும். லாபியில் செயற்கைச் செடி வைக்க ஒதுக்கிய பணம் இருந்தால் அதைக் குளியலறைக்குத் திருப்பிவிடுங்கள்.

சுடுதண்ணீர்க் கணக்கு

15 லிட்டர் ஹீட்டர் நாலு பேர் ரூமுக்குப் போதாது. 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை 28 டிகிரிக் குழாய்த் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஏட்டுக் கணக்கில் 40 லிட்டர் வரும். சூடு வெளியே போகப் போகப் பச்சைத் தண்ணீர் உள்ளே நுழைந்து கலக்கிறதே, அதைக் கழித்தால் கைக்கு வருவது 30, 32 லிட்டர். அதாவது இரண்டு பக்கெட்கூட இல்லை. 25 லிட்டர் ஹீட்டரில் இதே கணக்கு 66; கைக்கு வருவது 50 லிட்டருக்கு மேல், மூன்று பக்கெட். நாலாவது ஆள் காத்திருக்க வேண்டும். 2 கிலோவாட் காயில் 25 லிட்டரை 28-லிருந்து 60-க்கு ஏற்ற சுமார் 28 நிமிஷம் எடுக்கும். உப்புப் படிந்த ஹீட்டரில் தொட்டிக்குள் உப்பு அடைத்த அளவுக்குச் சூடான தண்ணீர் குறையும், காயிலும் சீக்கிரம் எரிந்துபோகும்.

இப்போது மின்சாரம். 20 ஹீட்டர் ஒன்றாக ஓடினால் 40 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. இருபதும் சேர்ந்தால் இன்னொரு 22. மோட்டார், கிச்சன், விளக்கு என்று ஆறு. மொத்தம் 68. உங்களிடம் இருப்பது 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்றால் அது தாங்குவது 50 கிலோவாட். ஏழு மணிக்குக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும், ஒரு நிமிஷத்தில் ட்ரிப் ஆகும். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ட்ரிப். கெஸ்ட் பார்வையில் அது “கரண்டே இல்லாத ஹோட்டல்”.

இதற்கு வழி பெரிய ஜெனரேட்டர் வாங்குவதல்ல, ஹீட்டர் லைனைப் பிரிப்பதுதான். மாடிவாரியாக ஹீட்டர்களுக்குத் தனி எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), ஒரு கான்டாக்டர் (டைமர் சொல்படி மொத்த லைனையும் ஆன், ஆஃப் செய்யும் பெரிய சுவிட்ச்), ஒரு டைமர் போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் பக்கம் அந்த லைன் போகவே கூடாது. முதல் பத்து ரூமுக்கு 4.45-க்கு ஆன், அடுத்த பத்துக்கு 5.20-க்கு. ஆறு மணிக்குள் இருபது தொட்டியும் சூடாகிவிடும். அதன்பின் கரண்ட் போனாலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஹீட்டரில் இரண்டு மணி நேரத்துக்குச் சூடு தங்கும். ஒரு தொட்டிக்கு ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கும் கொஞ்சம் கீழேதான். “கெஸ்ட் கேட்டால் மட்டும் போடு” என்று ரூம் பாயிடம் சொல்லிவைக்கும் முதலாளிகள் அந்த ஒரு யூனிட்டுக்காக ரெவ்யூவில் மூன்று நட்சத்திரத்தை இழக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடியில் தோலைச் சுடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்று குழாய்க்கு மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

தொட்டி எப்போது காலியாகிறது

ஒரு ஆளுக்குக் குளிக்க 40 லிட்டர், நீச்சல் உடையும் துணியும் அலச 15, டாய்லெட்டுக்கு 15. 80 பேருக்கு 5,600 லிட்டர், அதுவும் இரண்டு மணி நேரத்தில். மேலே நிற்பது 5,000 லிட்டர் சின்டெக்ஸ் என்றால் எட்டேகால் வாக்கில் காற்று வரும். முதலில் அடிபடுவது மேல்மாடி. தொட்டியில் மட்டம் இறங்க இறங்க அங்கேதான் அழுத்தம் போகும். அதனால் மோட்டாரை ‘தொட்டி காலியானதும்’ போடும் பழக்கத்தை விட்டு, ஆறு மணிக்கே ஓட விடுங்கள். மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் ஏற்றுகிறது என்று ஒரு முறை அளந்து, பம்ப் ரூம் சுவரில் எழுதி வையுங்கள். சனிக்கிழமை லாரித் தண்ணீரை மதியம் இரண்டுக்குள் சம்ப்பில் இறக்கச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு வரும் லாரி ட்ராஃபிக்கில் நிற்கும்.

கடலோரப் போர்த் தண்ணீர் தனிக்கதை. பூங்காக் குளத்தின் குளோரினைக் கழுவத்தான் கெஸ்ட் குளிக்கிறார். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி பிசுபிசுக்கும். “சோப்பு மட்டம்” என்று ரெவ்யூ வரும், நீங்கள் சோப்பை மாற்றுவீர்கள், அடுத்த வாரமும் அதே ரெவ்யூ வரும். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடும். குளிக்கும் தண்ணீருக்கு இந்த விதி இல்லை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவு. அதைத் தாண்டினால் போர்த் தண்ணீரை ஃப்ளஷுக்கும் தரை கழுவவும் திருப்பி, லாரித் தண்ணீரைக் குளியல் லைனுக்குத் தனித் தொட்டியில் வைப்பது, ஹோட்டல் முழுக்கச் சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கும் கருவி) போடுவதைவிடச் செலவு குறைவு. ஷவர் தலையை மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறவைத்தால் ஓட்டை அடைப்பு போகும். ஹீட்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து உப்பைச் சுரண்ட வேண்டும். கையோடு ஏ.சி.யின் வெளி யூனிட்டையும் மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். உப்புக் காற்று அதன் தகட்டை அரித்துத்தான் மே மாதத்தில் ‘ஏ.சி. கூலிங் இல்லை’ என்று வருகிறது.

ஈரத்துணி

பூங்கா ஹோட்டலுக்கும் மற்ற ஹோட்டலுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான், ஆனால் கட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. நாலு பேரின் நனைந்த துணியை எங்கே போடுவது? இடம் இல்லாவிட்டால் நாற்காலி முதுகில், ஏ.சி. மேல், கர்ட்டன் கம்பியில். கம்பி பிடுங்கிக்கொண்டு வரும், மெத்தை நனையும், ரூம் வாடை அடுத்த கெஸ்டுக்குப் போகும். கர்ட்டன் கம்பிக்கு 500 ரூபாய் கேட்டு ரிசப்ஷனில் சண்டை நடக்கும்.

மொட்டை மாடியில் கூரைக்குக் கீழே நைலான் கொடி, ரூம் நம்பர் எழுதிய கிளிப் டப்பா, ரூமுக்கு ஒரு கூடுதல் பக்கெட். இதோடு துணியைப் பிழியும் ஸ்பின் ட்ரையர் ஒன்று தரைத்தளத்தில். ஐந்து நிமிஷம் சுற்றினால் சொட்டுவது நிற்கும், ராத்திரி ஃபேன் காற்றிலேயே காலைக்குள் பனியன் துணி காயும். சென்னைப் புழுக்கத்தில் பிழியாத ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது. காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் இதைப்போல நல்ல பெயர் வாங்கித் தருவது வேறில்லை.

டவல் தலைக்கு ஒன்று. டபுள் ரூமுக்கு இரண்டு என்று எண்ணி வைத்துவிட்டு நாலு பேரை ஏற்றாதீர்கள். வெள்ளை டவல் பூங்காவுக்குப் போய்ச் சேறோடு திரும்புகிறதா? அதற்காக “டவலை வெளியே எடுத்துச் செல்லாதீர்” என்று போர்டு வைத்துப் பயனில்லை. கரும்பச்சையோ பிரவுனோ, பழைய டவல்களை ‘பார்க் டவல்’ என்று காலையிலேயே கையில் கொடுங்கள். திரும்பி வந்ததும் வாங்கிக்கொண்டு வெள்ளையைக் கொடுங்கள். இருப்பு மூன்று செட் வேண்டும்: ரூமில் ஒன்று, டோபியிடம் ஒன்று, அலமாரியில் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாலு. மழையில் டோபி ஒரு நாள் தாமதமாகத்தான் வருவார்.

காலையில் வந்து நிற்பவர்கள்

மதுரை, சேலம் பஸ்ஸில் வருகிறவர் எட்டு மணிக்கே வாசலில் நிற்பார். ரூம் 12 மணிக்குத்தான். இங்கே ‘ரூல்ஸ்’ பேசுவது வீண். பை வைக்க டோக்கன், முகம் கழுவி உடை மாற்றத் தரைத்தளத்தில் சுத்தமான டாய்லெட், காசில்லாமல். அந்த நேரத்திலேயே அடையாள அட்டை நகல், ரிஜிஸ்டர் கையெழுத்து, பாக்கிப் பணம் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். சாயங்காலம் சாவிக் கவர் மட்டும் கைமாற வேண்டும். நனைந்த பிள்ளையோடு நிற்பவரிடம் ஆதார் ஜெராக்ஸ் கேட்கும் ஒவ்வொரு நிமிஷமும் பின்னால் நிற்கும் ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஓடுகிறது.

சாப்பாடு

மூன்று தோசை ஊற்றும் கல்லில், மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஈடு என்றால் மணிக்கு 60 தோசை. 80 பேருக்குத் தலைக்கு இரண்டு என்றால் 160. கடைசி ஆளுக்கு இலை விழும்போது மணி பத்தாகும். மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை, மெனு தப்பு. ஏழு முதல் எட்டரை வரை அண்டாவிலிருந்து எடுத்துப் போடும் ஐட்டம் மட்டும்: இட்லி, இடியாப்பம், சாம்பார் சாதம், தயிர் சாதம், குஸ்கா. தோசை எட்டரைக்கு மேல் என்று போர்டில் எழுதுங்கள். குழந்தைக்குக் காரமில்லாமல் ஒரு தட்டு எப்போதும் தயார் இருக்கட்டும்.

சொன்னது எது, கொடுத்தது எது

பாதிச் சண்டை விளம்பரத்தில் விதைத்தது. அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் பத்தடி ரூம் ஹால் மாதிரி தெரியும். வாசலில் நின்று சாதாரண போனில் எடுத்த படத்தைப் போடுங்கள். புக்கிங் கொஞ்சம் குறையும், சண்டை நிறையக் குறையும். “பார்க்கிலிருந்து 5 நிமிடம்” என்பது யாருடைய ஐந்து நிமிஷம்? ஈ.சி.ஆரில் எதிர்ப்பக்கம் இருந்தால் யூ-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். குழந்தையோடு அந்தச் சாலையை நடந்து கடக்கச் சொல்லவே கூடாது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் நேரம் இன்னும் இழுக்கும். கிலோமீட்டரையும், ஞாயிறு மாலையில் ஆட்டோவுக்கு ஆகும் நிமிஷத்தையும் போடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: கிளாம்பாக்கமும் கேளம்பாக்கமும். முதலாவது ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் பக்கம் இருக்கும் பஸ் முனையம். இரண்டாவது ஓ.எம்.ஆரில், குறுக்கே இருபது கிலோமீட்டர் போல. ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்’ என்று நம்பி இறங்கும் குடும்பத்தின் கோபம் உங்கள் ரிசப்ஷனில்தான் இறங்கும்.

புக்கிங் ஆனதும் வாட்ஸ்அப்பில் போகும் செய்தி இப்படி இருக்கட்டும்:

“வணக்கம். ஏ.சி. ரூம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு டபுள் கட்டில், ஒரு தரை மெத்தை. பெரியவர் 2, பத்து வயதுக்குள் குழந்தைகள் 2. வாடகை 1,800, ஜி.எஸ்.டி. 90, மொத்தம் 1,890 ரூபாய். ரூம் பகல் 12 மணிக்கு. காலை 8 முதல் பை வைக்கலாம், டாய்லெட் உண்டு, இலவசம். சுடுதண்ணீர் காலை 6–9, மாலை 6–9. இரவு டிபன் 7–10. பெரியவர் ஒவ்வொருவரும் அடையாள அட்டை கொண்டுவரவும்.”

‘லிஃப்ட் இல்லை’ என்ற இரண்டு வார்த்தைக்குப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. பாட்டியோடு வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்று அதைத் தெரிந்துகொள்கிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். வரியும் அப்படியே. 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பழைய 12-ஐ பில்லிங் சாஃப்ட்வேரில் மாற்றியாயிற்றா என்று பாருங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிப்படுத்திவிட்டது. கெஸ்ட் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

இடைவெளியை அளப்பது

எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறையை உண்டாக்கிய மூவரில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பரசுராமன். ஜீதம்ல், பெரி ஆகியோரோடு சேர்ந்து 1985-இல் இடைவெளி மாதிரியையும், 1988-இல் 22 வாக்கியம் கொண்ட ‘சர்வ்குவால்’ அளவுகோலையும் வெளியிட்டார். சின்ன ஹோட்டலுக்கு 22 தேவையில்லை, எட்டு போதும்: சுடுதண்ணீர், டவல், படுக்கைச் சுத்தம், ஏ.சி., சாப்பாட்டு நேரம், சத்தம், ஊழியர் பேச்சு, பில். ஒவ்வொன்றுக்கும் ‘எவ்வளவு எதிர்பார்த்தீர்கள்’, ‘எவ்வளவு கிடைத்தது’, 1 முதல் 7 வரை. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழியுங்கள். ஏ.சி.க்கு 4 எதிர்பார்த்து 4 கிடைத்தால் பூஜ்யம், விட்டுவிடலாம். சுடுதண்ணீருக்கு 7 எதிர்பார்த்து 4 என்றால் மைனஸ் மூன்று, அங்கேதான் வேலை.

எதிர்பார்ப்புக் கேள்வியைக் காலையில் பை வைக்கும்போதே கேட்டுவிடுங்கள். கிளம்பும்போது இரண்டையும் சேர்த்துக் கேட்டால், பட்ட கோபம் எதிர்பார்ப்பு எண்ணையும் இழுத்துவிடும். முதலாளி எதிரில் நின்றால் எல்லாரும் 7 போடுவார்கள். சீட்டைப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். மாதம் 30 சீட்டு சேர்ந்தால் போக்கு தெரியும்.

எண் தெரிந்தபின் இடைவெளி எங்கே விழுந்தது என்று தேடுங்கள். சுடுதண்ணீரையே எடுத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு எல்லாரும் குளிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியாதா? அது முதல் இடைவெளி. தெரியும், ஆனால் ‘ஆறு மணிக்குள் இருபது தொட்டியும் சூடு’ என்று யாரும் விதி எழுதவில்லையா? இரண்டாவது. விதி உண்டு, ரூம் பாய் டைமரை அணைத்துவிட்டாரா? மூன்றாவது. எல்லாம் சரி, புக்கிங் ஆப்பில் மட்டும் ‘24 மணி நேரச் சுடுதண்ணீர்’ என்று போட்டிருக்கிறதா? நாலாவது. நாலுக்கும் மருந்து வேறு வேறு. நாலாவதை ஐந்து நிமிஷத்தில் டைப் செய்து சரிசெய்யலாம். ரூம் பாயைத் திட்டினால் மூன்றாவதைத் தவிர எதுவும் சரியாகாது.

தவறு நடந்தபின்

ரிசப்ஷனில் இருப்பவருக்கு 300 ரூபாய் வரை முதலாளியைக் கேட்காமல் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் கொடுங்கள். “ஓனருக்குப் போன் போட்டேன், எடுக்கல” என்பதைவிட மோசமான பதில் கிடையாது. பத்து நிமிஷத்தில் ஏ.சி. சரியாகவில்லை என்றால் ரூமை மாற்றுங்கள், எலக்ட்ரீஷியனுக்காக உட்கார வைக்காதீர்கள். மாற்ற ரூம் வேண்டுமே? சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு விடுமுறை, பொங்கல், கோடை என்று நிரம்பும் நாள்களில் 20-க்கு 19 மட்டுமே ஆப்பில் விற்று, ஒன்றை இரவு எட்டு மணி வரை காலியாக வையுங்கள். எட்டுக்கு மேல் சாலையிலிருந்து நேராக வருபவருக்குக் கொடுத்துக்கொள்ளலாம். பல நாள் அது விற்றுவிடும். விற்காத நாளில் நஷ்டம் ஒரு ரூம் வாடகை. ரூம் இல்லாமல் ஒரு கெஸ்டை ராத்திரியில் வேறு ஹோட்டலுக்கு அனுப்பினால் அந்த ஹோட்டல் வாடகை, ஆட்டோ, திருப்பிக் கொடுக்கும் பணம் எல்லாம் உங்கள் தலையில்.

மழைக்கும் விதியை முன்பே எழுதிவிடுங்கள். நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்து பூங்கா மூடினால் கெஸ்ட் உங்களிடம்தான் பணம் கேட்பார். ‘பூங்கா அறிவித்து மூடினால் ஒரு முறை தேதி மாற்றலாம், 90 நாளுக்குள்’ என்று புக்கிங் செய்தியின் கடைசி வரியில் போடுங்கள். ஆப் வழியாக வந்த புக்கிங் என்றால் தேதி மாற்றத்தை அந்த ஆப்பிலேயே செய்ய வேண்டும். போனில் ‘சரி வாங்க’ என்று சொல்லிவிட்டு ஆப்பில் மாற்றாமல் விட்டால், புது தேதியில் அதே ரூம் இன்னொருவருக்கும் விற்றிருக்கும்.